பெட்டிங் ஜூவில் பராமரிப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா?

குடமுருட்டி | ஜூன் 14, இரவு 9.40

வணக்கம். எனக்கு வயது 23. பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். விலங்கியலில் பி.எஸ்சி. முடித்து ஒரு வருடம் ஆகிறது. கும்பகோணம் போகிற வழியில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் சின்னதாக ஒரு பெட்டிங் ஜூ வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் உள்ளே போய் ஆடு, முயலைத் தொட்டுப் பார்க்கலாம், தழை கொடுக்கலாம். அங்கே பராமரிப்பாளர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் 13,000. மதியச் சாப்பாடு உண்டு. வாரம் ஒரு நாள் லீவு, ஆனால் அது ஞாயிறாக இருக்காது.

நேற்று போய்ப் பார்த்தேன். வெள்ளாடு 9, செம்மறிக் குட்டி 4, முயல் 14, வாத்து 6, ஒரு ஜோடி வான்கோழி, ஒரு மட்டக்குதிரை. அப்புறம் உம்பளாச்சேரி என்கிற நாட்டினப் பசு 2, அவற்றின் கன்றுகள் 2. கன்று இரண்டும் நல்ல செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பிறந்து ஒரு மாதம்தான் இருக்கும். அதில் ஒன்று நான் பேசி முடிக்கிற வரை என் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டே நின்றது.

வீட்டில் எதிர்ப்பு. "ஆடு மேய்க்கவா உன்னைப் படிக்க வைத்தோம்" என்கிறார் அம்மா. அப்பா எதுவுமே பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இந்த வேலையில் இருக்கிறவர்கள், இருந்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள். நாள் முழுக்க என்ன வேலை? இதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

அரசலாறு அக்கா | ஜூன் 15, காலை 5.10

தம்பி, நான் இந்த வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

காலை ஐந்தரைக்குக் கொட்டிலுக்குள் போய்விடுவேன். முதல் வேலை கூட்டுவது அல்ல, பார்ப்பது. விளக்கைப் போடாமல் வாசலில் இரண்டு நிமிடம் நிற்பேன். எல்லா ஆடும் எழுந்து நிற்கிறதா, ஏதாவது ஒன்று மட்டும் மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறதா, பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். ஆட்டுக்கு வலி வந்தால் பல்லைக் கடிக்கும். முயலும் அப்படித்தான். அதன் பிறகு புழுக்கையைப் பார்க்க வேண்டும். கடலை மாதிரி தனித்தனியாக விழுந்திருந்தால் கவலை இல்லை. கூழாக இருந்தால் அந்த ஆடு எது என்று கண்டுபிடித்துத் தனியாகக் கட்ட வேண்டும், அன்றைக்கு அது பிள்ளைகள் பக்கம் போகக் கூடாது.

அப்புறம்தான் கூட்டுவது, கழுவுவது, தண்ணீர்த் தொட்டியைத் தேய்ப்பது, ஈரமான இடத்தில் சுண்ணாம்பு தூவுவது எல்லாம். தழை அறுத்து வர வேண்டும். எங்களிடம் வேலிமசால், அகத்தி, கோ 4 தீவனப்புல் மூன்றும் வரப்பில் இருக்கின்றன. ஒரு பெரிய வெள்ளாட்டுக்கு நாளைக்கு 3, 4 கிலோ பசுந்தழை வேண்டும். இதையெல்லாம் முடித்துக் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு பத்து மணிக்குக் கதவைத் திறப்போம். அதுவரை உடம்பு வலிக்கிற வேலை. பத்து மணிக்கு மேல் மனம் வலிக்கிற வேலை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நான் சேர்ந்த முதல் வருடம் பொங்கல் விடுமுறையில் நடந்த ஒன்று. காணும் பொங்கல் அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. உள்ளே நான் ஒருத்தி, டிக்கெட் கிழிப்பதும் நானே. ஆறு வயது இருக்கும் ஒரு பையன், சாம்பல் நிற முயல் ஒன்றைத் தூக்கினான். கெட்ட பிள்ளை இல்லை, ஆசையாகத்தான் தூக்கினான். பின்னங்காலுக்குக் கீழே கை கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்தான். முயல் ஒரு உதை உதைத்துத் துள்ளிக் கீழே விழுந்தது. நான் நாலு அடி தூரத்தில் இருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது முன்னங்காலால் நகர்கிறது, பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி இழுபடுகின்றன. முயலின் பின்னங்காலில் பலம் அதிகம், முதுகெலும்பு மெலிசு. அது உதைக்கிற வேகத்தை அதன் முதுகே தாங்காது. இதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். ராத்திரி வரை மடியில் வைத்திருந்தேன், டாக்டர் வந்து பார்த்துவிட்டு முடித்துவைத்தார்.

அந்தப் பையன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் அவனிடம் "தூக்காதே" என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்கிற இடத்தில் நின்றிருக்க வேண்டும். தம்பி, இந்த வேலையில் நாம் காவல்காரர். புலியிடமிருந்து மனிதர்களைக் காப்பது பெரிய ஜூவில் இருக்கிறவர்களின் வேலை. இங்கே மனிதக் கையிடமிருந்து முயலைக் காக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை "வேண்டாம் கண்ணா" என்று சொல்ல வேண்டும், நூறாவது முறையும் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். அது வருமா என்று யோசி. வரும் என்றால் தாராளமாகப் போ.

வெட்டாறு | ஜூன் 15, காலை 8.25

நான் எதிர்க்கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அக்கா சொன்ன அந்த முயல் எதற்காக அங்கே இருந்தது? நாம் தொட்டுப் பார்க்க. வேறு காரணம் இல்லை. கோயில் திருவிழாக்களில் கோழிக்குஞ்சுக்குப் பச்சை, ரோஸ் என்று சாயம் பூசிக் கூடையில் வைத்து விற்பார்கள். சின்ன வயதில் நான் வாங்கிய மூன்று குஞ்சும் மூன்று நாளில் செத்துப்போயின. பெட்டிங் ஜூவைப் பார்த்தால் எனக்கு அந்தக் கூடைதான் ஞாபகம் வருகிறது. தம்பி, நீ படித்தவன். அந்த இடத்தில் சேர்வதை விட, அப்படி ஒரு இடமே வேண்டாம் என்று சொல்லலாம்.

அரசலாறு அக்கா | ஜூன் 15, மதியம் 1.50

வெட்டாறு, நீங்கள் சொல்வதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். முயலை இனி யாரும் தொடக் கூடாது என்று எங்கள் இடத்தில் சண்டை போட்டு நிறுத்தினேன். முயல் மற்ற விலங்குகளுக்கு இரையாகிற பிராணி. மேலிருந்து ஒரு கை வந்தால் பருந்து இறங்குவதாகத்தான் அதற்குத் தெரியும். பேசாமல் உறைந்து உட்கார்ந்திருக்கும், பார்க்கிறவர்கள் "எவ்வளவு சாதுவாக இருக்கு" என்பார்கள். அது சாது இல்லை, பயம்.

ஆனால் கன்றுக்குட்டி அப்படி இல்லை. தாடைக்குக் கீழே, கழுத்துத் தொங்கலில் சொறிந்து விட்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணை மூடும். கையை எடுத்தால் இடித்துக் கேட்கும். வெள்ளாடும் தானாக வரும், பிடிக்கவில்லை என்றால் திட்டில் ஏறிக்கொள்ளும். அதனால் எந்தப் பிராணி தொடுவதற்குத் தகும், எது தகாது என்று பிரிக்கத் தெரிந்த ஆள் உள்ளே இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாத இடம் உங்கள் சாயக் கூடைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கால்நடை மருத்துவர் | ஜூன் 15, இரவு 10.05

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன், இப்போது டெல்டாவிலேயே வேலை. தம்பிக்குச் சில விஷயங்கள்.

சேருவதற்கு முன் நிர்வாகத்திடம் தடுப்பூசிப் பதிவேட்டைக் கேள். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டார்களா, மழைக்கு முன் துள்ளுமாரிக்குப் போட்டார்களா, மாட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரிக்குப் போடுகிறார்களா, வான்கோழி, கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சலுக்கு? பதிவேடு இல்லை என்றால் நீயே ஒரு நோட்டு போட்டு ஆரம்பி. உனக்கும் டெட்டனஸ் ஊசி, முன்கூட்டியே போடுகிற ரேபிஸ் ஊசி இரண்டும் வேண்டும். தெருநாய் வேலி தாண்டி ஆட்டைக் கடிப்பது நம் பக்கம் நடக்கிற விஷயம். அந்த ஆட்டின் வாயில் கை விடப்போகிறவன் நீதான்.

கை கழுவுவது பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வாத்தும் கோழிக்குஞ்சும் பார்க்க நன்றாகத் துள்ளிக்கொண்டிருக்கும், அதன் எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கும். ஆடு, மாட்டுச் சாணத்தில் இருக்கும் சில ஈ.கோலை வகைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கிற அளவுக்குப் போகலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். சானிடைசர் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது, சில கிருமிகளுக்கு எதுவுமே செய்யாது. ஓடுகிற தண்ணீர், சோப்பு, 20 விநாடி. குழாய் பிள்ளைகளின் உயரத்தில் இருக்க வேண்டும், வெளியே போகிற வழியில் இருக்க வேண்டும், அதைத் தாண்டித்தான் ஐஸ்கிரீம் கடை இருக்க வேண்டும். உள்ளே தின்பண்டம், பால்புட்டி, குழந்தைகள் சப்புகிற ரப்பர் எதுவும் கூடாது.

ஆடு குட்டி போடுகிற நேரத்தில் கர்ப்பிணிகளைக் கொட்டில் பக்கமே விடாதே. நஞ்சுக்கொடியை வெறும் கையால் தொடாதே. இது விளையாட்டில்லை, கருச்சிதைவை உண்டாக்கும் கிருமிகள் அதில் இருக்கலாம்.

இன்னொன்று, சட்டம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, மயில், மான் இவற்றை இப்படி வைத்திருக்கவே முடியாது. காட்டு விலங்கை வைத்துப் பொதுமக்களுக்குக் காட்ட மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். யாராவது ஒரு கிளியைக் கொண்டுவந்து "இதையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தால் வாங்காதே, வனத்துறைக்குத் தகவல் சொல்லச் சொல். ஆடு, மாடு, வளர்ப்பு முயல், வாத்து வரை சிக்கல் இல்லை.

கிடைக்காரர் மகன் | ஜூன் 16, காலை 6.30

என் அப்பா கீதாரி, ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டிப்போகிறவர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறி ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் சீமைக்கு வருவோம். சம்பா அறுவடை முடிந்த வயலில் ராத்திரி கிடை போடுவோம், எருவுக்காக மந்தையை வயலிலேயே தங்க வைப்பது அது. "ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்" என்று சொல்லி விவசாயிகள் கிடைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். மன்னார்குடி பக்கம் நாங்கள் கிடை போட்டால் அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக வயலுக்கு வந்துவிடும். குட்டியைத் தூக்க அப்பா விடுவார், ஆனால் எப்படித் தூக்க வேண்டும் என்று முதலில் காட்டுவார். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்தொடைக்குக் கீழே. தரையில் உட்கார்ந்துதான் மடியில் வாங்க வேண்டும். தாய் ஆடு கத்தினால் உடனே இறக்கிவிட வேண்டும். டிக்கெட் இல்லாத பெட்டிங் ஜூ அது.

இன்றைக்குக் கும்பகோணத்தில் அடுக்குமாடியில் இருக்கிற பிள்ளைக்கு அந்த வயல் இல்லை. எனவே தம்பி செய்யப்போகிற வேலையைக் குறைவாக நினைக்க மாட்டேன். அவன் அம்மா சொன்ன "ஆடு மேய்க்கவா" என்ற வார்த்தை என்னையும் சுட்டது. ஆடு மேய்ப்பது எளிதென்று நினைக்கிறவர்கள் 300 ஆட்டில் ஒன்று நொண்டுவதை அந்தியில் கண்டுபிடித்துப் பார்க்கட்டும்.

வாத்தைப் பற்றி ஒரு விஷயம். அறுப்பு முடிந்த வயலில் ஆயிரம் வாத்தை இரண்டு பேர் நுனியில் துணி கட்டிய கழியோடு மேய்த்துப் போவதைப் பார்த்திருப்பாய். அது எப்படி முடிகிறது? வாத்து கூட்டத்தை விட்டுப் பிரியாது, அதனால்தான். ஒற்றை வாத்தைப் பிரித்தால் கத்திக்கொண்டே இருக்கும், தின்னாது. யாராவது போட்டோவுக்கு ஒரே ஒரு வாத்தைப் பிடித்து வா என்றால் செய்யாதே. கூட்டமாக ஓட்டி வந்து காட்டு. தொட்டியில் தண்ணீர் தலை முழுகுகிற ஆழம் இருக்க வேண்டும், கண்ணையும் மூக்கையும் அது அப்படித்தான் கழுவிக்கொள்ளும். கையால் தடவுவது அதற்குப் பிடிக்காது. தண்ணீரில் தீவனத்தைத் தூவினால் பிள்ளைகள் அரை மணி நேரம் வேடிக்கை பார்ப்பார்கள், வாத்துக்கும் சந்தோஷம்.

மன்னார்குடி அம்மா | ஜூன் 16, பகல் 11.15

நான் பார்வையாளர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என் மகளை ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனோம். ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்து ஒரு மணி நேரம் விளையாடினாள். பத்து நாள் கழித்துக் கையிலும் கன்னத்திலும் வட்ட வட்டமாகப் படர்தாமரை. தோல் டாக்டர் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே "கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டி ஏதாவது தொட்டாளா" என்றுதான். களிம்பு போட்டுச் சரியாக ஒரு மாதம் ஆனது. அந்தக் குட்டிக்குக் காதோரம் முடி உதிர்ந்து வெள்ளையாக இருந்ததை நானும் பார்த்தேன், அது நோய் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே வேலை செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் வேறு இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அங்கே இருந்த பெண் உள்ளே விடும் முன்பே எல்லாப் பிள்ளைகளையும் மணலில் உட்கார வைத்து, "நாம் அதுகிட்ட போகக் கூடாது, அது நம்மகிட்ட வரட்டும், கையை நீட்டி வெச்சுக்கிட்டு காத்திருங்க" என்றார். எதற்கும் பொறுமையே இல்லாத என் மகள் பத்து நிமிடம் அசையாமல் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரு கறுப்பு ஆடு வந்து அவள் விரலை முகர்ந்தது. வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், "என்கிட்ட அதுவா வந்துச்சு" என்று. தம்பி, நீ அந்த மாதிரி ஆளாக இருந்தால் நாங்கள் தேடி வருவோம்.

குடமுருட்டி | ஜூன் 29, இரவு 10.30

எல்லாருக்கும் நன்றி. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை.

ஒரு சிக்கல். நான்கு செம்மறிக் குட்டிக்கும் புட்டிப்பால் கொடுக்க டிக்கெட் தனியாக விற்கிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாற்பது, ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். குட்டியை மடியில் குப்புறவும் மல்லாக்கவும் போட்டுப் பால் கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள். நேற்று ஒரு குட்டிக்கு வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்குக் கழிச்சல். மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் "அதுதான் நம்ம வருமானம்" என்கிறார். நான் பத்து நாள் ஆள், எப்படிச் சொல்வது?

கால்நடை மருத்துவர் | ஜூன் 29, இரவு 11.00

முதலில் அந்தக் குட்டியைத் தனியாக வை, பாலை நிறுத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. காலையில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போ, தள்ளிப்போடாதே. மல்லாக்கப் போட்டுப் பால் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். குட்டி நின்றபடி, தலையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் குடிக்க வேண்டும், தாயிடம் எப்படிக் குடிக்குமோ அப்படி. அளவாக, நாளுக்கு மூன்று நான்கு வேளை. அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது.

அரசலாறு அக்கா | ஜூன் 30, காலை 5.00

தம்பி, மேனேஜரிடம் "கூடாது" என்று மட்டும் சொல்லாதே, பதிலுக்கு ஒன்றைக் கையில் கொண்டுபோ. நான் செய்ததைச் சொல்கிறேன். புட்டிப்பாலுக்கு நேரம் வைத்தோம், காலை 11, மாலை 4. ஒரு வேளைக்கு ஒரு குட்டிக்கு ஒரு பிள்ளை மட்டும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம், அந்த நேரத்தில் நான் குட்டியைப் பற்றிப் பேசுவேன். மேல் வரிசையில் முன்பல் இருக்காது தெரியுமா, வயிற்றில் நாலு அறை இருக்கிறது தெரியுமா என்று கேட்பேன். பிள்ளைகள் அவ்வளவு கேள்வி கேட்பார்கள். வருமானத்துக்கு அகத்திக் கட்டு விற்றோம். அன்றைக்கு ஆடுகள் தின்ன வேண்டிய தழையையே காலையில் எடை போட்டுச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி வைத்துவிடுவேன். கட்டு தீர்ந்தால் விற்பனை முடிந்தது, எவ்வளவு பெரிய ஆள் வந்து கேட்டாலும் கிடையாது. ஆட்டுக்கும் வயிறு கெடாது, கல்லாவிலும் காசு விழும்.

பிஸ்கட், பொரி, சோறு எதையும் உள்ளே விடாதே. ஆடு சோற்றைக் கண்டால் விடாது. அதிகம் தின்றால் வயிற்றில் புளித்து, உப்பி, நின்ற இடத்திலேயே சாயும். பெரியவர்கள்தான் ஒளித்துவைத்துக் கொடுப்பார்கள், அவர்களைக் கவனி.

முயலுக்கு அட்டைப் பெட்டி வை. இரண்டு பக்கமும் ஓட்டை போட்டது, ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மாட்டிக்கொள்ளும். இந்த வெயிலுக்குக் கூண்டைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டு. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் உறைய வைத்து உள்ளே போடு, அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். முயலால் நம்மைப் போல் வேர்க்க முடியாது, காது வழியாகத்தான் சூட்டை விடும்.

வெட்டாறு | ஜூன் 30, காலை 9.10

தம்பி, நான் வேண்டாம் என்று சொன்னவன். இதைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. நீ அங்கே இல்லாவிட்டால் அந்தக் குட்டிக்குக் கழிச்சல் என்று இந்த ராத்திரி யார் எழுதியிருப்பார்கள்? இருந்து பார். குட்டி எப்படி இருக்கிறது என்று எழுது.

குடமுருட்டி | ஜூலை 3, இரவு 8.20

குட்டி பிழைத்துவிட்டது. டாக்டரம்மா இரண்டு நாள் வந்து ஊசி போட்டார். பதினோரு மணி, நாலு மணி ஏற்பாட்டுக்கு மேனேஜர் ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

தலைஞாயிறு | அக்டோபர் 19, மாலை 5.45

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன், மழைக்காலம் வந்துவிட்டதால். 2018-இல் வேதாரண்யம் பக்கம் ஒரு சின்னப் பண்ணையில் நான் காவல், பராமரிப்பு இரண்டும் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிற இடம்தான். நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிய ராத்திரியை இந்தப் பிறவியில் மறக்க முடியாது.

மாலையிலேயே எல்லாவற்றையும் தகரக் கொட்டிலுக்குள் அடைத்துக் கட்டியாயிற்று. அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தோம். நடுராத்திரிக்கு மேல் காற்று ஊளையிட ஆரம்பித்ததும் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறந்தது. தென்னை முறிகிற சத்தம் வெடி மாதிரி கேட்டது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊர்ந்துபோய் அரிவாளால் கயிறுகளை அறுத்தேன், கதவைத் திறந்துவிட்டேன். மாடுகள் எந்தப் பக்கம் போயின என்று தெரியவில்லை. ஐந்து ஆட்டின் கயிற்றை அறுக்க முடியவில்லை, அதற்குள் சுவர் விழுந்துவிட்டது. விடிந்து பார்த்தால் மாடுகள் எல்லாம் மேட்டுக் களத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. அறுத்துவிட்டவை பிழைத்தன. கட்டிக் கிடந்தவை போய்விட்டன. கோடியக்கரையில் வெளிமான்களும் குதிரைகளும் செத்து ஒதுங்கிய செய்தி அடுத்தடுத்த நாட்களில் வந்தது.

தம்பி, உன் இடம் ஆற்றங்கரை. இப்போதே செய்ய வேண்டியதைச் செய். எல்லாக் கயிறும் ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்காக இருக்கட்டும், முடிச்சு வேண்டாம். ஒவ்வொரு ஆடு, மாட்டின் காதிலும் எண் வில்லை போடு, ஓடிப்போனால் அடையாளம் சொல்லலாம். பரணில் ஒரு வாரத்துக்கு வைக்கோல் ஏற்று. முயலை எடுத்துப்போகக் கூடைகளைத் தயாராக வை. எந்த மேட்டுக்கு ஓட்டிப்போவது என்று பகலில் ஒரு முறை நடத்திக் காட்டு, மாடு வழியை மறக்காது. ஆற்றில் தண்ணீர் கூடுதலாகத் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட உடனே கிளம்பு, கரையில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதே.

கால்நடை மருத்துவர் | அக்டோபர் 19, இரவு 9.30

ஐயா எழுதியதைப் படித்து ஒரு நேரம் எதுவும் எழுத முடியவில்லை. கூடவே ஒன்று: ஈரத்தில் நின்றால் ஆட்டுக்குக் குளம்பு அழுகும். மழைக்கு முன் குளம்பைச் சீவிவிடு, தரைக்கு மேலே பலகைப் பரண் போடு. குடற்புழு மருந்தையும் சாணப் பரிசோதனை செய்து கொடு.

குடமுருட்டி | நவம்பர் 23, இரவு 9.15

ஐந்து மாதம் முடிந்துவிட்டது. நிறைய எழுத வேண்டும் போல இருக்கிறது.

தலைஞாயிறு ஐயா, கயிறு எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பின்பக்கம் பழைய செங்கல் சூளை மேடு ஒன்று இருக்கிறது, அதற்கு மாடுகளை நான்கு முறை ஓட்டிப்போய்ப் பழக்கியிருக்கிறேன். முயலைத் தொடுவது செப்டம்பரோடு நின்றது. இப்போது தாழ்வான வேலிக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒரு குறை கூட வரவில்லை, அதில் எனக்கே ஆச்சரியம். மட்டக்குதிரையின் பின்னால் யாரும் போகாமல் கயிறு கட்டியிருக்கிறேன், அது மட்டும் இன்னும் என்னிடம் சரியாகப் பழகவில்லை.

போன வாரம் மழை விட்ட ஒரு நாள் அப்பாவும் அம்மாவும் சொல்லாமல் வந்துவிட்டார்கள். நான் ஒரு கிடாயைக் கவட்டிக்குள் பிடித்துக் குளம்பு சீவிக்கொண்டிருந்தேன். அம்மா வேலி ஓரம் நின்றார். அப்பா உள்ளே வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓரத்துல இன்னும் கொஞ்சம் எடு, சேறு அடையும்" என்றார். அப்புறம் கத்தியை வாங்கி மறுகாலை அவரே சீவினார். எங்கள் தாத்தாவிடம் ஒரு ஜோடி உம்பளாச்சேரி மொட்டைக் காளை இருந்ததாம், முழங்கால் சேற்றில் நாள் பூராவும் உழுமாம். இதுவரை அதை வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது ஒரு சந்தேகம், டாக்டர் ஐயாவுக்கு. என் சட்டையைச் சப்பிய அந்தச் செவலைக் கன்றுக்கு முகத்திலும் கழுத்திலும் நிறம் மங்கிச் சாம்பல் ஏறுகிறது. தீனி நன்றாக எடுக்கிறது, துள்ளுகிறது. ஜூனில் வந்துபோன ஒரு பிள்ளை நேற்று வந்து, "அந்தச் சிவப்புக் கன்னுக்குட்டி எங்கே, இது வேற" என்று அழுதது. தாது உப்புக் குறைவா?

கால்நடை மருத்துவர் | நவம்பர் 23, இரவு 10.10

குறை ஒன்றும் இல்லை தம்பி. உம்பளாச்சேரிக் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் சாம்பலாக மாறும். அந்த இனத்தின் இயல்பே அது. திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் இருக்கும் அரசு கால்நடைப் பண்ணையில் போய்ப் பார், செவலைக் கன்றும் சாம்பல் தாயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நெற்றிச் சுட்டியும் கால் வெள்ளையும் மட்டும் அப்படியே இருக்கும்.

குடமுருட்டி | நவம்பர் 24, காலை 5.25

அப்படியென்றால் சுட்டியைக் காட்டிவிடுகிறேன். அந்தப் பிள்ளையின் வீடு அய்யம்பேட்டைதான், ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். இப்போது கொட்டிலுக்குப் போகிறேன், மழை பிடித்துக்கொண்டது.